பனிமனிதன் உண்டா?

இமயமலையின் பனிவெளிகளில், மனிதனைப் போல இரண்டு கால்களால் நடக்கின்ற, உடலெங்கும் மயிரடர்ந்த ஒரு பிராணி வாழ்கிறது என்ற செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சில ஆண்டுகள் பேச்சு அடங்கியிருக்கும். பிறகு, மலையேறச் சென்ற யாரேனும் ஒருவர் பனியில் பெரியதொரு காலடித் தடத்தைக் கண்டதாகச் செய்தி வரும். உடனே பத்திரிகைகளில் அப்பிராணி மீண்டும் நடமாடத் தொடங்கிவிடும். ஷெர்ப்பா மக்கள் அதனை 'யெட்டி' என்பர். தமிழில் நாம் 'பனிமனிதன்' என்று பெயரிட்டிருக்கிறோம்.

'அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா?' என்று கேட்டால் ஒரு சாரார் சிரித்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், 'இத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா?' என்று திருப்பிக் கேட்கின்றனர். சிரிப்பும் விடையாகாது, திருப்பிக் கேட்பதும் விடையாகாது. இக்கேள்வியைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் இருக்கின்றனர். அவர்கள் கண்ட முடிவு இன்று ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. அதை அறிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1832-ஆம் ஆண்டில், காட்மாண்டுவில் ஆங்கில அரசின் அலுவலராக இருந்த ஹாட்ஜ்ஸன் என்பவர் கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வடநேபாளத்தில் தம்முடைய வேட்டைக்காரர்கள், நிமிர்ந்து நடந்த, நீண்ட கருமயிர் கொண்ட ஒரு பிராணியைக் கண்டு அஞ்சி ஓடிவந்தனர் என்று அதில் குறித்தார். அது ஒராங் உடான் குரங்காக இருக்கலாம் என்பது அவர் ஊகம். ஒராங் உடான் வாழ்வதோ சுமத்ரா, போர்னியோ தீவுகளின் வெப்பக் காடுகளில்! பின்னர் வாடெல் என்னும் மருத்துவர் சிக்கிமில் பெருந்தடங்களைக் கண்டு, 1899-இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பற்றி எழுதினார். அவை கரடியின் தடங்களே என்பது அவர் கருத்து. மேலும் அவர் சொல்வது கவனிக்கத்தக்கது. மயிரடர்ந்த காட்டு மனிதனைப் பற்றித் திபெத்தியர் பலரைக் கேட்டாராம். துருவித் துருவிக் கேட்டால் ஒவ்வொருவரும், தாம் கண்டதை அன்றி, பிறர் சொல்லக் கேட்டதையே கூறினராம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் உலகம் இதனை மறந்திருக்கும். உலகத்தின் காதில் இச்செய்தி விழுந்தது 1921-இல். அவ்வாண்டு எவரெஸ்டு சிகரத்துக்கு வழி காண்பதற்காக ஹவர்ட் பரி என்னும் படைத்தலைவரின் கீழ் ஒரு குழு திபெத்தின் வழியாகச் சென்றது. கடல் மட்டத்திலிருந்து 20,000 அடிக்கும் மேற்பட்ட லக்பா லா என்னும் கணவாயில், பனியின்மேல் பலவகைத் தடங்கள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று வெறுங்கால் மனிதன் நடந்து சென்றது போல் இருந்தது. ஹவர்ட் பரி சிறிதும் மயங்கவில்லை. ஓநாய் ஒன்று மெல்லிய பனியில் தாவிச் சென்றதால் தடங்கள் இரட்டித்துவிட்டன என்றே எழுதினார். ஆனால் உடன் சென்ற சுமைக்காரர்கள், 'மெத்தோ கங்மி' என்று ஒரு பெயரைச் சொன்னார்கள். அதையும் அவர் குறித்துவைத்தார்.

குழுவினர் டார்ஜிலிங் திரும்பினர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு எழுதி வந்த ஹென்ரி நியூமன் என்பவர் அச்சுமைக்காரர்களைச் சந்தித்துப் பேட்டி கண்டார். 'கங்மி' என்றால் பனிமனிதன். அதில் சிக்கல் இல்லை. 'மெத்தோ' என்பதற்கு 'அழுக்கான' என்று பொருள் என எண்ணிக்கொண்டார் அவர். அதுவும் போதாதென்று, இன்னும் கடுமையாக இருக்கட்டும் என்று, 'அருவருப்பூட்டும் பனிமனிதன்' என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அன்று முதல் அப்பெயரே உலகெங்கும் பரவிவிட்டது. ஒரு செய்தியாளரின் பேனா முனையில் பிறந்த பெயர் அது. மலையில் வாழ்வோர் எவரும் அப்படி ஒரு பெயரை இட்டதில்லை.

அவர்கள் இட்ட பெயர்கள் வேறு. 'யெட்டி' என்ற சொல்லைத் திபெத்திய மொழியில் பிரித்துப் பார்த்தால், முற்பகுதி பாறை நிலத்தைக் குறிக்கிறது. பிற்பகுதி கரடியைக் குறிக்கிறது. 'மெத்தோ' என்பதற்கு 'மனிதக் கரடி' என்று பொருள் கூறுவர். ஷெர்ப்பாக்கள் வழங்கும் 'த்ஸூ தே' என்ற மற்றொரு சொல், ஆடுமாடுகளை அடித்துத் தின்னும் கரடியின் பெயர். ஆக, மலைமக்கள் சொன்னவற்றில் கரடி என்ற சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் கரடி மறைந்தது, மனிதன் தோன்றினான். மலைமக்கள் கட்டுக்கதை கட்டினார்கள் என்று நகரத்தார் பலகாலம் ஏளனம் செய்ததை எண்ணும்போது, கதை கட்டியவர் உண்மையில் யார் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இனித் தடங்களைப் பற்றிப் பார்ப்போம். பனிமனிதனுக்குச் சான்றாகக் காட்டப்பட்டவற்றுள் மிகப் புகழ் பெற்றது, 1951 நவம்பரில் எரிக் ஷிப்டன் எடுத்த ஒரு நிழற்படம். மைக்கேல் வார்டு என்னும் மருத்துவரும் சென் டென்சிங் என்னும் ஷெர்ப்பாவும் அவருடன் இருந்தனர். நேபாள, திபெத்திய எல்லையை ஒட்டிய மென்லுங் பனியாற்றின்மேல், மெல்லிய பனிப்படலத்தில், தெளிவாகப் பதிந்த ஒரு தடம். நீளம் ஏறக்குறைய 13 அங்குலம். அகலம் 8 அங்குலம். அளவு தெரியும் பொருட்டு ஷிப்டன் அதன் பக்கத்தில் தம்முடைய பனிக்கோடரியை வைத்துப் படமெடுத்தார். ஷிப்டன் பொய் சொல்பவர் அல்லர் என்ற எண்ணம் மக்களிடையே இருந்தது. சென் டென்சிங்கோ, இரண்டாண்டுகளுக்கு முன்பு தியாங்போச்சே மடாலயத்தின் அருகில், ஐந்தரை அடி உயரமும் செம்பட்டை மயிரும் மயிரற்ற முகமும் கொண்ட யெட்டியைத் தாமே கண்டதாகக் கூறினார். இவ்விரண்டும் சேர்ந்து, அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரியதொரு தேடலையே தோற்றுவித்தன.

தடம் பொய்யன்று. ஆனால் பனியில் பதிந்த தடம் அதைப் பதித்த காலின் அளவைக் காட்டும் என்று எண்ணுவதுதான் தவறு. நம் ஊர் ஆற்றுமணலில் பதிந்த தடமே வெயிலிலும் காற்றிலும் சரிந்து உருமாறுவதைப் பார்த்திருக்கிறோம். பனியோ இன்னும் நிலையற்றது. பகல் வெயிலில் தடத்தின் விளிம்பு உருகும், இரவில் உறையும், மறுநாள் மீண்டும் உருகும். சிறு தடம் பெருந்தடமாகும். அடுத்தடுத்துள்ள இரண்டு தடங்கள் ஒன்றாகும். கரடிக்கு இதில் மற்றொரு வசதியும் உண்டு. அது நடக்கும்போது பின்னங்கால், முன்னங்கால் பதிந்த இடத்தின்மேலேயே பாதி படியும். அப்போது உண்டாகும் தடம் நீண்டு, மனித அடியைப் போலவே தோன்றும். நான்கு கால் விலங்கு இரண்டு கால்களால் நடந்தது போல் தடவரிசையும் அமையும்.

இதனைக் கண்ணாரக் கண்டு சோதித்தவர் எட்மண்டு ஹிலாரி. எவரெஸ்டில் ஏறிய அதே ஹிலாரிதான். 1960-இல் அவர் பல துறை அறிஞர்களைக் கூட்டிக்கொண்டு பனிமனிதனைத் தேடிச் சென்றார். அக்குழுவினர் பனியாறு ஒன்றில் பெரிய தடங்களைக் கண்டனர். அவற்றைப் பின்பற்றிச் சென்றபோது, வெயில் படும் சரிவில் பெரியனவாக இருந்த தடங்கள், பாறையின் நிழலுக்குள் சென்றதும் சிறுத்தன. நரியின் சிறிய கால்தடங்களாகப் பிரிந்து நின்றன. மீண்டும் வெயிலுக்கு வந்ததும் பெரியனவாயின. ஒரே வரிசையில், ஒரே விலங்கின் தடங்கள்! பனிமனிதனைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவற்றைக் காட்டிலும் இந்த ஒரு காட்சி அதிகமாக விளக்கிவிடுகிறது என்பேன்.

ஹிலாரியின் குழு செய்த மற்றொரு வேலை, கும்ஜங் ஊரின் மடாலயத்திலிருந்த 'யெட்டியின் தலைத்தோல்' பற்றிய ஆராய்ச்சி. கூம்பு வடிவில், செம்பழுப்பு மயிருடன், பெரிய தொப்பியைப் போன்றிருந்த அத்தோலை ஊரார் புனிதப் பொருளாகப் போற்றி வந்தனர். பக்கத்து ஊராகிய பங்போச்சேயிலும் அத்தகைய தோல் ஒன்று இருந்தது. 1954-இல் இலண்டன் பத்திரிகை ஒன்று அனுப்பிய குழு, அதன் மயிர்கள் சிலவற்றைப் பெற்றுவந்தது. அக்குழுவில், கல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிஸ்வமய் பிஸ்வாஸ் என்னும் நம் நாட்டு அறிஞரும் இருந்தார். மயிர்களைச் சோதித்த பேராசிரியர் வுட் ஜோன்ஸ், அது தலைத்தோலே அன்று, குளம்புள்ள விலங்கொன்றின் தோளிலிருந்து எடுத்த தோல் என்று கூறினார்.

கும்ஜங் தோலை ஊரார் எளிதில் கொடுத்துவிடவில்லை. ஊர்ப் பெரியவரான குன்ஜோ சும்பி உடன் வரவேண்டும், குறித்த நாளுக்குள் தோல் திரும்பவேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்தார்கள். மலையை விட்டு இறங்கிய குன்ஜோ சும்பி, தோலுடன் சிகாகோ, பாரிஸ், இலண்டன் நகரங்களுக்கெல்லாம் சென்றுவந்தார். ஐயத்துடன் கேட்ட ஐரோப்பியர்களுக்கு அவர் சொன்னதாக ஒரு மறுமொழி உண்டு. தம் நாட்டில் ஒட்டகச் சிவிங்கியும் கங்காருவும் இல்லாமையால் தமக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது; அதுபோலவே உங்கள் நாட்டில் யெட்டி இல்லாமையால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, உங்கள் அறியாமைக்காக இரங்குகிறேன் என்றாராம்! ஆராய்ச்சியின் முடிவு அவருக்குச் சாதகமாக இல்லை. ஆட்டினத்தைச் சேர்ந்த 'ஸீரோ' என்னும் மலைவிலங்கின் தோலை அச்சில் இட்டு வடித்தெடுத்த தொப்பி அது என்று தெரிந்தது. அதே விலங்கின் தோலைக் கொண்டு குழுவினரும் அதைப் போன்ற தொப்பி ஒன்றைச் செய்து காட்டினர். ஊரார் ஏமாற்றுவதற்காகச் செய்தார்கள் என்று கொள்ளலாகாது. மடாலயங்களில் இத்தகைய பொருள்கள் வழிபாட்டுக்கும் கூத்துக்கும் பயன்படுவன. விலங்கியலார் வந்து சோதிப்பார்கள் என்று எண்ணி அவற்றை யாரும் செய்வதில்லை. மறு ஆண்டாகிய 1961-இல் ஹிலாரி கும்ஜங்கில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார். அவ்வளவில் இத்தேடலால் அவ்வூருக்கு நன்மையே விளைந்தது.

பங்போச்சேயில் தோலோடு ஒரு 'கை'யும் இருந்தது. அதிலிருந்து ஒரு விரலை ஒருவர் 1959-இல் இரகசியமாக எடுத்துவந்தார். கல்கத்தாவுக்கு வந்திருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் பெயர்பெற்ற அமெரிக்க நடிகரின் பெட்டியில் வைத்து அது இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது. 2011-இல் சோதித்தபோது, அது மனித விரல் என்று தெரியவந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், 'விஞ்ஞானிகள் அறியாத விலங்குகள் இன்னும் இருக்கக்கூடாதா?' என்று நேயர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மலைக் கொரில்லா என்னும் பெருங்குரங்கு 1902 வரை விஞ்ஞான உலகுக்குத் தெரியாது. அவ்வளவு தொலைவு போவானேன்? அஸ்ஸாமிலும் பூடானிலும் வாழும் பொன்னிற மந்தியைத் தேயிலைத் தோட்டக்காரரான ஈ. பி. ஜீ என்பவர் 1953-இல் தேடிக் கண்டார். விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கஜூரியா 1956-இல் அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். அருணாசலப் பிரதேசத்தின் தவாங், மேற்குக் காமெங் பகுதிகளில் வாழும் ஒரு குரங்கினம் 2005-இல்தான் நூலேறியது. அங்குள்ள மோன்பா மக்கள் அதனை 'முன் சாலா', அதாவது அடர்காட்டுக் குரங்கு என்று அழைத்து வந்தனர். அந்தப் பெயரையே விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்டனர். ஆகவே, 'மலைமக்கள் சொல்கிறார்கள், படித்தவர்களுக்குத் தெரியவில்லை' என்ற ஒரு காரணத்தால் எதையும் தள்ளிவிடுவதற்கில்லை. சில சமயங்களில் மலைமக்கள் சொன்னதே மெய்யாகியிருக்கிறது.

அப்படியானால் முன் சாலாவுக்கும் பனிமனிதனுக்கும் வேறுபாடு என்ன? முன் சாலாவைத் தேடிச் சென்றவர்களுக்குக் கூட்டம் கூட்டமாக அது தென்பட்டது. அதற்குக் குட்டிகள் இருந்தன, அது தின்னும் செடிகளும் பயிர்களும் இருந்தன, படமெடுக்கவும் முடிந்தது. எந்த விலங்கும் தனி ஒன்றாக நூற்றாண்டுக் கணக்கில் வாழ இயலாது. ஆண் வேண்டும், பெண் வேண்டும். தலைமுறைதோறும் நூற்றுக்கணக்கில் பிறந்து இறந்துகொண்டிருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றன் மண்டையோடாவது, தாடையாவது பனி உருகும் ஓடைக்கரையில் கிடைத்திருக்க வேண்டும். மேலும் 18,000 அடி உயரத்தில் ஒரு பெருங்குரங்கு எதைத் தின்று வாழும்? அங்கே கனி இல்லை, தளிர் இல்லை. அவ்வழியாகக் கடந்து செல்லும் விலங்குகள் உண்டு; அங்கேயே குடியிருக்கும் பெருங்குரங்கு இருக்க வழியில்லை.

பண்டைக் காலத்தில் ஆசியாவில் மாபெருங்குரங்கு ஒன்று வாழ்ந்தது உண்மைதான். 1935-இல் கோனிக்ஸ்வால்டு என்னும் ஆராய்ச்சியாளர், ஹாங்காங் மருந்துக் கடையொன்றில் 'கடல்நாகப் பற்கள்' என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் அதன் கடைவாய்ப்பல்லைக் கண்டெடுத்தார். அதன் உறவினமாகிய, இன்னும் பழமையான குரங்கொன்றின் தாடை இமாசலப் பிரதேசத்தின் சிவாலிக் குன்றுகளிலும் கிடைத்திருக்கிறது. பனிமனிதன் இதன் வழித்தோன்றலாக இருக்கலாம் என்று எண்ணியவர் உண்டு. ஆனால் அக்குரங்கு காட்டுத் தாவரங்களைத் தின்று வாழ்ந்தது. காடு மாறியபோது அழிந்தது. அது மறைந்து இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. பனிமலைக்கு அது ஏறியதற்கு ஓர் எலும்பும் சான்றில்லை.

முடிவான விடை மிக நுண்ணிய ஒன்றிலிருந்து வந்தது. உயிரணுக்களுள் மரபுச் செய்தியைத் தாங்கிநிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருள், மயிரிலும் எலும்பிலும் பல்லிலும் காய்ந்த சாணத்திலும் நெடுங்காலம் தங்கியிருக்கிறது. கையெழுத்தைக் கொண்டு எழுதியவரை அறிவது போல, இதனைக் கொண்டு விலங்கின் இனத்தை அறியலாம். 2014-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சைக்ஸ் என்பவர், லடாக்கிலிருந்தும் பூடானிலிருந்தும் கிடைத்த இரண்டு மயிர்கள் பழங்காலத் துருவக் கரடியுடன் ஒத்திருப்பதாக அறிவித்தார். பத்திரிகைகள் ஆரவாரித்தன. மறு ஆண்டுக்குள் பிற அறிஞர்கள் அக்கணக்கைத் திருத்தி, அவை இமயப் பழுப்புக் கரடியின் மயிர்களே என்று காட்டினர். 2017-இல் அமெரிக்காவிலுள்ள பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஷார்லட் லிண்ட்குவிஸ்ட் இன்னும் விரிவாக ஆராய்ந்தார். யெட்டியுடையவை என்று மடாலயங்களிலும் காட்சிச்சாலைகளிலும் தனியாரிடத்தும் பாதுகாக்கப்பட்ட ஒன்பது பொருள்கள் அவர் கைக்கு வந்தன. எட்டு, கரடியுடையவை. எஞ்சிய ஒரு பல், நாயினுடையது.

மலையேறி என்ற முறையில் தனிப்புகழ் கொண்ட ரைன்ஹோல்டு மெஸ்னர், வேறு வழியாக இதே முடிவை அடைந்திருந்தார். 1986-இல் திபெத்தில் ஓர் அந்திப்பொழுதில், இனந்தெரியாத பெரிய உருவமொன்று எதிரே நிமிர்ந்து நிற்கக் கண்டு அவர் திகைத்தார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, மக்கள் யெட்டி என்பதும் 'செமோ' என்பதும் பழுப்புக் கரடியையே என்று எழுதினார். கரடி பின்னங்காலூன்றி எழுந்து நிற்பதை அருகில் கண்டவர்களுக்கு, அது எவ்வளவு மனிதச் சாயலுடையது என்பது தெரியும். அந்தி ஒளியும், மெலிந்த காற்றில் களைத்த கண்ணும் சேர்ந்தால் மனிதனாகவே தோன்றுவதில் வியப்பில்லை. 2019 ஏப்ரலில் மக்காலு முகாமின் அருகில் 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள தடங்களைத் தன் குழுவினர் கண்டதாக இந்திய இராணுவம் அறிவித்தபோதும், அவ்விடத்தைச் சேர்ந்த நேபாள மக்கள் கரடியின் தடம் என்றே கூறினார்கள்.

ஆகவே யெட்டி உண்டு. அது கரடி. அந்தக் கரடிதான் இன்று அருகி வருகிறது. இமயப் பழுப்புக் கரடி, உலகிலுள்ள பிற பழுப்புக் கரடிகளிலிருந்து ஏறக்குறைய 6,50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து தனித்து வளர்ந்த கிளை என்பதும் லிண்ட்குவிஸ்டின் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. காஷ்மீரம், லடாக், இமாசலம், உத்தராகண்டம் ஆகிய இடங்களின் உயர்ந்த புல்வெளிகளில் அது சிறுசிறு தொகுதிகளாகச் சிதறி வாழ்கிறது. கோடையில் ஆட்டுமந்தைகள் அதே புல்வெளிக்கு ஏறுகின்றன; கரடி ஆட்டை அடிக்கிறது; இடையன் கரடியைத் துரத்துகிறான், சில வேளைகளில் கொன்றுவிடுகிறான். இடையனைக் குறை கூறுவதும் எளிதன்று. அவனுக்கு அந்த ஆடுதான் ஆண்டு வருவாய். நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இக்கரடி இன்று இடம்பெற்றிருக்கிறது.

பனிமனிதனுக்கும் ஒரு காலத்தில் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அவனைத் தேடிச் செல்லும் குழுக்கள் 5000 ரூபாய் செலுத்தி அனுமதி பெறவேண்டும். படமெடுக்கலாம், உயிருடன் பிடிக்கலாம், தற்காப்புக்கன்றிச் சுடக்கூடாது. எடுத்த படங்களையும் பிடித்த பிராணியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நேபாள அரசு விதித்திருந்தது. அவ்விதிகளை 1959 நவம்பரில் காட்மாண்டுவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் தன் அரசுக்கு எழுதி அனுப்பிய தாள் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மூன்று விதிகள். கரடியைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.